ஜாமீன் கையெழுத்தும் இமாலயத் தவறும்

அன்புள்ள ஐயா,

நண்பர் ஒருவரின் வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அவர் தவணை கட்டவில்லை. நோட்டீஸ் எனக்கு வந்தது. சென்ற ஆண்டு மனைவியின் நகைகளை விற்றுக் கடனை அடைத்தேன். ‘பட்டால்தான் புத்தி வரும்’ என்றார்கள் உறவினர்கள். இனி யாரையும் நம்புவதில்லை என்று முடிவெடுத்தேன். போன மாதம் தங்கை தன் கணவரின் கடைக்கடன் விஷயமாகப் பேச வந்தாள். அவள் வாயைத் திறக்கும் முன்பே முடியாது என்றுவிட்டேன். அழுதுகொண்டே போனாள். நான் பாடம் கற்றிருக்கிறேனா, கெட்டுப்போயிருக்கிறேனா?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

பாடம் கற்றிருக்கிறீர்கள், ஆனால் அளவுக்கு மீறி. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாது. பூனைக்கு அது போதும். நாம் அதே அடுப்பில் சமைத்தாக வேண்டும்.

1919 ஏப்ரலில் ரௌலட் சட்டத்தை எதிர்த்து காந்தி அழைத்த போராட்டம் அகமதாபாத்திலும் விரம்காமிலும் கலவரமாக முடிந்தது. அவர் மூன்று நாள் உண்ணாவிரதம் இருந்தார். ஏப்ரல் 18 அன்று சட்டமறுப்பை நிறுத்திவைத்தார். இமாலயத் தவறு செய்துவிட்டேன் என்று அறிவித்தார். இதெல்லாம் பள்ளிப் பாடத்திலேயே உண்டு. எனக்கு வியப்பளிப்பது, இமயத்தோடு ஒப்பிட்ட தவறை அவர் எவ்வளவு குறுக்கி வரையறுத்தார் என்பதுதான். சட்டத்துக்கு மனமுவந்து கட்டுப்பட்டுப் பழகியவருக்கே சட்டத்தை மீறும் தகுதி உண்டு. அந்தப் பழக்கம் வருவதற்கு முன்பே மக்களை அழைத்துவிட்டேன். இவ்வளவுதான். மக்களை நம்பியது தவறு என்றோ, சட்டமறுப்பே தவறு என்றோ அவர் சொல்லவில்லை. பம்பாய்க்குப் போய்த் தொண்டர்களைச் சேர்த்து, சத்தியாக்கிரகம் என்றால் என்னவென்று விளக்கும் வேலையைத் தொடங்கினார். வந்தவர்களும் நாளடைவில் குறைந்துபோனார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார்.

அத்தோடு எல்லாம் சரியாகிவிடவும் இல்லை. 1922 பிப்ரவரியில் சௌரி சௌராவில் காவல் நிலையம் கொளுத்தப்பட்டு இருபதுக்கும் மேற்பட்ட காவலர்கள் இறந்தபோது, சட்டமறுப்பை நாடு முழுவதும் நிறுத்தினார். எங்கோ ஓர் ஊரில் நடந்ததற்காக எல்லாவற்றையும் நிறுத்துவதா என்று சிறையிலிருந்த நேரு மனம் கசந்தார். உங்கள் முடிவு இந்த 1922 ரகம். 1930இல் தண்டிக்குப் புறப்படும்போது, ஆசிரம ஒழுங்கில் பழகிய 78 பேரைத் தேர்ந்தெடுத்து அழைத்துப் போனார். பிறகு அங்கங்கே வன்முறை வெடித்தும் இயக்கத்தை நிறுத்தவில்லை. இதற்குப் பதினோரு ஆண்டுகள் பிடித்தன. உங்களுக்கு ஓராண்டுதான் ஆகிறது.

உங்கள் தவறு எது? நண்பரை நம்பியது அல்ல என்பது என் கணிப்பு. எதில் கையெழுத்திடுகிறோம் என்று கேட்காததுதான். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவுப்படி, பத்திரத்தில் வேறு நிபந்தனை இல்லாவிட்டால், ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமமானது. முதலில் அவரைத் துரத்திவிட்டுத்தான் வங்கி உங்களிடம் வர வேண்டும் என்பதில்லை. ‘சும்மா ஒரு கையெழுத்து’ என்று சொல்லித்தான் கேட்டிருப்பார். (எனக்குத் தெரிந்து சும்மா போடும் கையெழுத்து ஆட்டோகிராஃப் ஒன்றுதான்.)

அதே சட்டத்தின் 140ஆம் பிரிவைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. கடனை அடைத்த ஜாமீன்தாரருக்கு, கடன் வாங்கியவர்மீது வங்கிக்கு இருந்த உரிமைகள் அனைத்தும் வந்து சேர்கின்றன. அந்த நண்பர் இப்போது என்ன செய்கிறார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. உலகத்தையே சந்தேகிக்கிறீர்கள், பணம் தர வேண்டிய ஒருவரை மட்டும் விட்டுவிட்டீர்கள். வழக்குத் தொடரக் காலக்கெடு உண்டு. வங்கி ரசீதுகளோடு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

தங்கையை வீட்டுக்கு அழையுங்கள். எவ்வளவு கடன், எத்தனை ஆண்டுத் தவணை, கடையில் மாதம் என்ன நிற்கிறது என்று கேளுங்கள். பத்திரத்தைப் படித்துப் பாருங்கள். அவர்கள் கட்டாவிட்டால் அந்தத் தொகையை உங்களால் கட்ட முடியுமா? முடியாதென்றால் தயங்காமல் மறுத்துவிடுங்கள். அவள் வருத்தப்படுவாள், ஆனால் இந்த முறை காரணம் தெரிந்து வருத்தப்படுவாள். அந்தப் பேச்சில் உங்கள் மனைவியும் இருக்கட்டும். நகை அவருடையது.