வாசகர் கேள்வி – பதில்: ஹிலாரி கிளிண்டனும் அமெரிக்க வாக்காளர்களும்

ஹிலாரி கிளிண்டன் அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட 2008, 2016 ஆம் ஆண்டுத் தேர்தல்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, அவருடைய தோல்விக்கு ஆணாதிக்கமே காரணம் என்று முடித்திருந்தது. அதனை ஆதரித்தும் மறுத்தும் பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் அளிக்கிறேன்.

*

கேள்வி: பெண் என்பதால்தான் ஹிலாரி தோற்றார் என்கிறது கட்டுரை. என் மகனோ, அவர் நம்பத் தகாதவர் என்பதால்தான் மக்கள் நிராகரித்தார்கள் என்று என்னோடு வாதிடுகிறான். எது சரி?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: மக்கள் நிராகரித்தார்கள் என்ற சொல்லையே முதலில் சற்று நிதானமாகப் பார்ப்போம், அம்மா. 2016 நவம்பரில் ஹிலாரிக்கு விழுந்த வாக்குகள் ஏறக்குறைய 6 கோடியே 58 லட்சம். அவை டொனால்ட் டிரம்ப் பெற்றதைவிட 28 லட்சத்துக்கும் அதிகம். ஆனால் அமெரிக்காவில் அதிபரைத் தீர்மானிப்பது மாநிலவாரியாக அமையும் தேர்வாளர் குழு. பெரும்பாலான மாநிலங்களில் முந்துபவருக்கே அம்மாநிலத்தின் எல்லா இடங்களும் போய்விடும். அதில் டிரம்புக்கு 304, ஹிலாரிக்கு 227 என்று கணக்கு முடிந்தது. மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா ஆகிய மூன்று மாநிலங்களிலும் சேர்த்து 80,000-க்கும் குறைவான வாக்குகள்தாம் வித்தியாசம். இவ்வளவு சிறிய இடைவெளியில் தோற்றவரின் தோல்விக்கு ஒரே காரணத்தைக் காட்டி வழக்கை முடித்துவிட முடியாது. கட்டுரையாளருக்கும் தங்கள் மகனுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

தங்கள் மகனின் பக்கத்தில் நியாயம் உண்டு. 2002 அக்டோபரில் ஈராக் போருக்கு அனுமதி அளிக்கும் தீர்மானத்தை செனட்டில் ஆதரித்து ஹிலாரி வாக்களித்தார்; 2008-இல் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் போட்டியில் அவருடைய சொந்தக் கட்சியினரே பெருமளவில் ஒபாமாவின் பக்கம் சாய்ந்ததற்கு அந்த ஒரு வாக்கு பெரிய காரணம். வெளியுறவு அமைச்சராக இருந்தபோது அரசாங்க மின்னஞ்சலைப் பயன்படுத்தாமல், தம் வீட்டில் வைத்திருந்த தனியார் சர்வர் வழியாக அலுவல் கடிதங்களை அனுப்பினார். அதை விசாரித்த எஃப்.பி.ஐ. என்ற மத்தியப் புலனாய்வு அமைப்பின் இயக்குநர் ஜேம்ஸ் கோமி, வழக்குத் தொடர இடமில்லை என்று 2016 ஜூலையில் அறிவித்தபோதும், மிக அலட்சியமாக நடந்துகொண்டார் என்று கடிந்துரைக்கத் தவறவில்லை. பதவியை விட்டு வந்தபின் கோல்ட்மேன் சாக்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கிக்கு ஆற்றிய மூன்று உரைகளுக்கு 6,75,000 டாலர் பெற்றார். டிரம்பின் ஆதரவாளர்களில் பாதிப் பேரை இழிந்தவர்களின் கூடையில் போடலாம் என்று 2016 செப்டம்பரில் ஒரு நிதி திரட்டும் கூட்டத்தில் பேசினார். இவற்றில் எதைச் செய்தது ஆணாக இருந்தாலும் வாக்காளர் கேள்வி கேட்கத்தான் வேண்டும். கேட்டவர்களை எல்லாம் பெண்வெறுப்பாளர் என்று ஒதுக்குவது அநியாயம்.

ஆனால் அவர்மீது கொட்டப்பட்ட வெறுப்பு இந்தத் தவறுகளுக்கெல்லாம் முன்பே தொடங்கிவிட்டது. திருமணத்துக்குப் பிறகும் ராடம் என்ற தம் குடும்பப் பெயரையே வைத்திருந்தார். 1980-இல் கணவர் பில் கிளிண்டன் அர்கன்சாஸ் ஆளுநர் பதவியை இழந்தபோது, மனைவியின் பெயரும் ஒரு குறையாகப் பேசப்பட்டது. அடுத்த தேர்தலுக்குள் அவர் தம்மை ஹிலாரி கிளிண்டன் என்று அழைத்துக்கொள்ள வேண்டிவந்தது. 1992-இல் தம் வழக்கறிஞர் தொழிலைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, வீட்டில் இருந்து பிஸ்கட் சுட்டுக்கொண்டு தேநீர் விருந்து நடத்தியிருக்கலாம், ஆனால் தொழிலைத் தொடர முடிவு செய்தேன் என்று சொன்னார். நாடு முழுவதும் இல்லத்தரசிகளை அவமதித்துவிட்டார் என்ற கண்டனம் எழுந்தது. ஒரு பெண்கள் இதழ் அதிபர் வேட்பாளர்களின் மனைவியருக்கிடையே பிஸ்கட் செய்முறைப் போட்டியே வைத்தது, அவரும் தம் செய்முறையை அனுப்பினார். அப்போது அவர் எந்தப் பதவிக்கும் போட்டியிடவில்லை; கணவர்தாம் போட்டியிட்டார்.

2008 தேர்தல் காலத்தில் அவருடைய உருவத்தில் பாக்குவெட்டிபோல் கொட்டை உடைக்கும் கருவியைச் செய்து, தொடைகளுக்கிடையே கொட்டையை வைத்து நெரிப்பதுபோல் அமைத்து, விமான நிலையக் கடைகளில்கூட விற்றார்கள். ஆண் வேட்பாளரை அஞ்சுபவர்கள் இப்படி ஒரு பொருளைச் செய்ய நினைத்திருக்கமாட்டார்கள். கால்சட்டையும் கோட்டும் அணிவதும், சத்தமாகச் சிரிப்பதும், மேடையில் குரலை உயர்த்துவதும் தொலைக்காட்சியில் மணிக்கணக்கில் அலசப்பட்டன. 2016 கோடையில் குடியரசுக் கட்சி மாநாட்டில் அவரைச் சிறையில் அடையுங்கள் என்று ஆயிரக்கணக்கானோர் முழங்கியதைக் கேட்ட எவருக்கும், அது மின்னஞ்சலைப் பற்றிய கோபம் மட்டுமே என்று தோன்றியிருக்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2011 ஜூலையில் வெளியுறவு அமைச்சராகச் சென்னைக்கு வந்து, அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உரையாற்றி, முதலமைச்சர் ஜெயலலிதாவையும் சந்தித்துச் சென்றாரே, அந்த ஆண்டில் அமெரிக்கர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அவரைப் பற்றி நல்லெண்ணம் கொண்டிருந்ததாக காலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பு காட்டியது. பிறகு அவர் அதிபர் பதவியைக் கேட்டு வந்ததும் அந்த நல்லெண்ணம் சரிந்தது. வெளியுறவு அமைச்சர் உள்நாட்டுக் கட்சிச் சண்டைக்கு வெளியே நிற்பவர் என்பதும், இடையில் லிபியாவின் பெங்காசி நகரில் அமெரிக்கத் தூதரக வளாகத்தின்மீது நடந்த தாக்குதலும் மின்னஞ்சல் விவகாரமும் வந்தன என்பதும் உண்மையே. இருந்தாலும் 2000-இல் செனட்டுக்குப் போட்டியிட்டபோதும், 2008-இலும், 2016-இலும் ஏறத்தாழ இதே கதைதான் நடந்தது: பதவியில் அமர்ந்து உழைத்தபோது மதிப்பு உயர்ந்தது, அடுத்த பதவியைக் கேட்டபோது பேராசைக்காரி என்ற பேச்சு எழுந்தது. அதிபராக ஆசைப்படும் ஆணை நாம் லட்சியவாதி என்கிறோம். என் முடிவு இதுதான்: அவருடைய தவறுகள் உண்மையானவை, ஆனால் பெண் என்பதால் அவை மன்னிக்கப்படாமல், மடங்கு மடங்காகப் பெருக்கப்பட்டன. தங்கள் மகனிடம் இதையும் சொல்லிப் பாருங்கள்.

*

கேள்வி: பெண்களே ஹிலாரிக்கு வாக்களிக்கவில்லையே! பெண்ணுக்குப் பெண்ணே எதிரி என்பது அமெரிக்காவிலும் மெய்யாகிவிட்டதா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஐயா, தாங்கள் எடுத்துக்கொண்ட செய்தியே தவறு. வாக்குச்சாவடிக் கருத்துக்கணிப்பின்படி, 2016-இல் வாக்களித்த பெண்களில் 54 சதவீதத்தினர் ஹிலாரிக்கே வாக்களித்தார்கள். ஆண்களில் 41 சதவீதத்தினர்தாம் அவரை ஆதரித்தார்கள். கறுப்பினப் பெண்களில் அவருக்குக் கிடைத்த ஆதரவு 94 சதவீதம். வெள்ளையினப் பெண்களிடம்தான் டிரம்ப் முந்தினார். அவர்களும் ஒரே கூட்டம் இல்லை: கல்லூரிப் பட்டம் பெற்றவர்களில் பெரும்பான்மையோர் ஹிலாரியையும், பெறாதவர்களில் பெரும்பான்மையோர் டிரம்பையும் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்தப் பெண்கள் ஏன் டிரம்பை ஆதரித்தார்கள் என்பதற்கு எதிரி, துரோகி என்ற சொற்கள் எந்த விளக்கமும் தருவதில்லை. அமெரிக்க வாக்காளரில் பெரும்பாலோர் கட்சி மாறி வாக்களிப்பதே அரிது. குடியரசுக் கட்சிக் குடும்பத்தில் பிறந்து, ஞாயிறு தவறாமல் தேவாலயம் செல்லும் ஒரு பெண்ணுக்குக் கருக்கலைப்பு என்பது பாவமும் கொலையும் ஆகும். 2016 பிப்ரவரியில் நீதிபதி ஸ்காலியா மறைந்து, கருக்கலைப்பு வழக்குகளில் இறுதித் தீர்ப்புச் சொல்லும் உச்ச நீதிமன்றத்தில் ஓர் இடம் காலியாகவே இருந்தது. அந்த இடத்துக்கு நீதிபதியை நியமிக்கப்போகும் அதிபர் எந்தக் கட்சிக்காரர் என்பதைவிட வேட்பாளர் ஆணா பெண்ணா என்பது அவளுக்குப் பெரிதாகப் பட்டிருக்காது. அவளுடைய கருத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் அவள் தன் மனச்சாட்சிப்படி வாக்களித்தாள் என்பதை மறுக்க எனக்கு உரிமை இல்லை.

இதில் ஹிலாரியின் ஆதரவாளர்களும் பெரிய பிழை செய்தார்கள். 2016 பிப்ரவரியில் நியூ ஹாம்ப்ஷயரில், முன்னாள் வெளியுறவு அமைச்சர் மேடலின் ஆல்பிரைட் ஹிலாரியை அருகில் வைத்துக்கொண்டே, ஒருவருக்கொருவர் உதவாத பெண்களுக்கு நரகத்தில் தனி இடம் உண்டு என்று பேசினார். பல ஆண்டுகளாக அவர் சொல்லிவந்த வாசகம்தான். ஆனால் தேர்தல் மேடையில் அது மிரட்டலாக ஒலித்தது. ஜனநாயகக் கட்சியின் நியமனத்துக்கு ஹிலாரியோடு போட்டியிட்ட பெர்னி சாண்டர்ஸை ஆதரித்த இளம்பெண்கள் கொதித்துப்போனார்கள். ஆல்பிரைட் பின்னர் வருத்தம் தெரிவித்தார். கல்விக் கடனில் மூழ்கியிருந்த ஒரு மாணவி, கட்டணமில்லாக் கல்வி தருகிறேன் என்ற முதியவரை ஆதரித்ததில் என்ன துரோகம் இருக்கிறது? ஆண்களுக்குத் தங்கள் விருப்பப்படி வாக்களிக்கும் சுதந்திரத்தைக் கொடுத்துவிட்டு, பெண்களுக்கு மட்டும் இனக் கடமை என்று ஒன்றைச் சுமத்துவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

*

கேள்வி: அமெரிக்க அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட முதல் பெண் ஹிலாரிதானா?
– ஒரு மாணவர், நாகர்கோவில்

பதில்: இல்லை. பெண்களுக்கு நாடு தழுவிய வாக்குரிமை கிடைப்பதற்கு 48 ஆண்டுகள் முன்பே, 1872-இல் விக்டோரியா வுட்ஹல் சம உரிமைக் கட்சியின் சார்பில் நின்றார். குடியரசுக் கட்சியின் நியமனத்தைக் கேட்டு 1964-இல் மார்கரெட் சேஸ் ஸ்மித்தும், ஜனநாயகக் கட்சியின் நியமனத்தைக் கேட்டு 1972-இல் கறுப்பினப் பெண்ணான ஷெர்லி சிசமும் போட்டியிட்டார்கள். பெரிய கட்சியொன்றின் நியமனத்தைப் பெற்ற முதல் பெண் என்பதே ஹிலாரிக்கு உரிய சிறப்பு. பிலடெல்பியா மாநாட்டில் 2016 ஜூலையில் அது நிறைவேறியது.

*

கேள்வி: 2008-இல் ஹிலாரி அழுததால்தான் ஒரு மாநிலத்தில் வென்றார் என்று படித்தேன். அந்தக் கண்ணீர் நாடகம்தானே?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே யோசித்துப் பாருங்கள். ஐயோவா மாநிலத்தில் நடந்த உட்கட்சித் தேர்வில் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்ட சில நாட்களில், 2008 ஜனவரி 7 அன்று, நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மத் நகரில் ஒரு காபிக் கடையில் சில வாக்காளர்களோடு மேசையைச் சுற்றி அமர்ந்து பேசிக்கொண்டிருந்தார். எப்படித்தான் இத்தனையையும் தாங்கிக்கொள்கிறீர்கள் என்று ஒரு பெண் கனிவோடு கேட்டபோது, இது எளிதில்லை என்று பதில் சொல்லத் தொடங்கியவரின் குரல் தழுதழுத்தது, கண்கள் கலங்கின. கண்ணீர் கன்னத்தில் வழியக்கூட இல்லை. அது நாள் முழுவதும் தொலைக்காட்சியில் ஓடியது. அதுவரை இரும்பு மனுஷி என்றும் உணர்ச்சியற்றவர் என்றும் ஏசியவர்கள், இப்போது நாடகம் என்றும் பலவீனம் என்றும் ஏசினார்கள். அதே நாளில் அதே மாநிலத்தின் சேலம் என்ற ஊரில் அவர் பேசிக்கொண்டிருந்தபோது, என் சட்டையை இஸ்திரி போடு என்று இரண்டு ஆண்கள் அட்டையைத் தூக்கிப் பிடித்துக் கத்தினார்கள்.

மறுநாள் கருத்துக்கணிப்புகளுக்கு மாறாக அவர் வென்றார். பெண்களின் வாக்கு அவர் பக்கம் திரும்பியிருந்தது. கண்ணீரைப் பார்த்து இரக்கப்பட்டார்கள் என்பதைவிட, அந்தக் கண்ணீரைத் தொலைக்காட்சி நடத்திய விதத்தைப் பார்த்துச் சினந்தார்கள் என்றே நான் கருதுகிறேன். வேலையிடத்தில் கடுமையாக இருந்தால் ராட்சசி, கலங்கினால் கையாலாகாதவள் என்ற பட்டத்தைக் கேட்டுப் பழகிய பெண்கள் அவர்கள். கடையில் அந்தக் கேள்வியைக் கேட்ட பெண்மணி ஒபாமாவுக்கே வாக்களித்ததாகப் பின்னர் சொன்னார் என்பதால், கண்ணீர் கண்டவுடன் மனம் மாறிவிடுவார்கள் என்ற கணிப்பும் அவ்வளவு உறுதியானதல்ல.

*

கேள்வி: துளசேந்திரபுரத்தின் பேத்தி கமலா ஹாரிஸும் 2024-இல் தோற்றுவிட்டார். அமெரிக்கர்கள் ஒருபோதும் பெண்ணை ஏற்கமாட்டார்கள் என்பதைத்தானே இது காட்டுகிறது?
– ஒரு வாசகி, திருவாரூர்

பதில்: தங்கள் மாவட்டத்துக் கோயிலில் அவருக்காக நடந்த வழிபாடுகளைப் பார்த்த பிறகு இந்த வருத்தம் இயல்பானதே. ஆனால் இரு தோல்விகளும் ஒன்றுபோன்றவை அல்ல. ஹிலாரி 2016-இல் தாம் பெண் என்பதையே பிரசாரத்தின் முகப்பில் வைத்தார். கமலா அதைப் பற்றி மேடையில் பெரும்பாலும் பேசவே இல்லை. ஹிலாரிக்கு இருபத்தைந்து ஆண்டுப் பகையும் நட்பும் சேர்ந்திருந்தன. பைடன் ஜூலை 21-இல் விலகியதால் கமலாவுக்குக் கிடைத்தது மூன்றரை மாதம். விலைவாசியால் நொந்திருந்த மக்கள், ஆளும் அரசின் துணை அதிபர் என்றே அவரை முதலில் பார்த்தார்கள். அவருடைய சிரிப்பும், அவர் பிள்ளை பெறாததும் ஏளனம் செய்யப்பட்டன என்பதையும் நான் மறக்கவில்லை. தேர்வாளர் குழுவில் 312-க்கு 226 என்று தோற்றார்; மக்கள் வாக்கிலும் பின்தங்கினார்.

தகுதியுள்ள பெண்ணைக் கட்சி நிறுத்தினால் வாக்களிப்பீர்களா என்று காலப் நிறுவனம் 1937-இல் கேட்டபோது 33 சதவீதத்தினரே ஆம் என்றார்கள். 2015-இல் 92 சதவீதத்தினர் ஆம் என்றார்கள். கணிப்பாளரிடம் சொல்வதும் வாக்குச்சீட்டில் செய்வதும் வேறாக இருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். முப்படைகளின் தலைமை என்று வரும்போது ஒரு தயக்கம் இன்னும் இருப்பதாகவே எனக்கும் படுகிறது. ஆயினும், ஒருபோதும் என்ற சொல்லுக்கு ஆதாரம் இல்லை. ஹிலாரியைக் கைவிட்ட அதே மிச்சிகன், கிரெட்சன் விட்மரை 2018-இலும் 2022-இலும் ஆளுநராகத் தேர்ந்தெடுத்தது. 2024 நவம்பரில் அதே வாக்குச்சீட்டில் மிச்சிகன் வாக்காளர்கள் அதிபராக டிரம்பையும், செனட்டராக ஜனநாயகக் கட்சியின் எலிசா ஸ்லாட்கினையும் தேர்ந்தெடுத்தார்கள். விஸ்கான்சின் வாக்காளர்கள் டிரம்போடு, செனட்டராக ஜனநாயகக் கட்சியின் டாமி பால்ட்வின் என்ற பெண்ணையும் தேர்ந்தெடுத்தார்கள்.