காதைக் குத்தும் ஒலி

கேள்வி: புது ஸ்பீக்கரில் பாடகியின் ‘ஸ’ ஒலி காதைக் குத்துகிறது. விலை கூடிய கேபிள் போட்டால் சரியாகுமா?

பதில்: கேபிளில் காசைக் கொட்டாதீர்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் நடு அறையில் நின்று ஒரு தட்டு கை தட்டிப் பார்ப்பேன். ‘டர்ர்’ என்று சுவர்களுக்கிடையே அதிர்ந்தால் குற்றவாளி பெரும்பாலும் அறைதான். நீங்கள் வழக்கமான இடத்தில் உட்கார்ந்துகொண்டு, பக்கச் சுவரோரமாக ஒருவரைக் கண்ணாடியை நகர்த்தச் சொல்லுங்கள். ஸ்பீக்கரில் உயர் ஒலியைத் தரும் சிறு பகுதியான ட்வீட்டர் அதில் எங்கே தெரிகிறதோ, அங்கே பட்டுத்தான் ஒலி உங்களிடம் தெறிக்கிறது. அந்த இடத்தில் கனமான திரை மடிப்பு மடிப்பாகத் தொங்கட்டும். புத்தகங்கள் அடைத்த அலமாரி இருந்தாலும் நல்லது. மெல்லிய துணி அவ்வளவாக உதவாது. வெறும் தரையில் கம்பளம் விரியுங்கள்.

அப்புறம், ட்வீட்டர் நேராகக் காதைப் பார்த்தால் உயர் ஒலி தூக்கலாகவே கேட்கும். ஸ்பீக்கரை விரற்கடை அளவு வெளிப்பக்கம் திருப்பிக் கேளுங்கள். சத்தம் கூட்டினால் மட்டும் குத்துகிறதா? ஆம்ப்ளிஃபையர் திணறுகிறதோ என்று பாருங்கள். இத்தனைக்கும் பிறகு மிச்சம் இருந்தால், ட்ரெபிள் திருகில் உயர் ஒலியை 2 டெசிபல் குறையுங்கள். அதற்குத்தானே அந்தத் திருகு இருக்கிறது!