இரு நாடுகளுக்கிடையே உறவு வளர்ப்பவர்கள் உண்மையில் என்னதான் செய்கிறார்கள்?

"குத்துவிளக்கு ஏற்றிப் படம் எடுத்துக்கொள்வதைத் தவிர" என்று கேள்வியின் வாலில் ஒரு குத்தலும் சேர்த்திருக்கிறீர்கள். ஏதோ நட்புறவு விழாவுக்குக் கூட்டம் காட்ட உங்களைக் கல்லூரியிலிருந்து பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள் என்று நினைக்கிறேன். மூன்று மணி நேரம் உட்கார்ந்த எரிச்சல் எழுத்தில் தெரிகிறது. அந்த மேடையின் ஓரத்தில், ஒலிவாங்கிக்கும் பூந்தொட்டிக்கும் நடுவே ஒரு பெண் நின்றிருப்பாள்; உங்கள் கண்ணில் பட்டிருக்கமாட்டாள். நான் அந்த இனம். இருபது வருடங்களுக்கும் மேலாகச் சென்னையில் ஜப்பானிய மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். ஆகவே எனக்குத் தெரிந்த ஜப்பான் கதையை மட்டும் சொல்கிறேன். பிரான்ஸ், கொரியாக்காரர்கள் தனியாக எழுதட்டும்.

விளக்கு ஏற்றுகிறவர்கள் எல்லோரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். டோக்கியோவில் ஹொசுமி கோயிச்சி என்று ஒருவர் இருந்தார். ஆசியாவிலிருந்து வரும் மாணவர்களுக்காக 1957-இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். 1959-இல் வெளிநாட்டுத் தொழில்நுட்பர்களுக்குப் பயிற்சி தரும் ஏஓடிஎஸ் என்ற அமைப்பு உருவானதிலும் அவர்தான் முன்னோடி. அங்கே பயின்று ஊர் திரும்பிய நம் பொறியாளர்கள் சென்னையில் ஒரு தோசோகாய், அதாவது முன்னாள் மாணவர் சங்கம், வைத்து ஜப்பானிய வகுப்பும் நடத்தினார்கள். வேலை முடிந்து அலுப்போடு வருகிற என்னைப் போன்றவர்களுக்கு அந்த மாலை வகுப்புதான் கதவைத் திறந்தது. 2003 டிசம்பரில் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் இரண்டாம் நிலை எழுதினேன். அப்போது நான்கே நிலைகள், 2010-இல்தான் ஐந்தாக்கினார்கள்.

இங்கே ஒரு வயிற்றெரிச்சல். ஜப்பானியத்திலும் வினை கடைசியில்தான் வரும். 'டோக்கியோ நி இகிமாஸ்' என்றால் 'டோக்கியோவுக்குப் போகிறேன்'. அந்த 'நி' நம்முடைய 'கு' உருபு செய்கிற வேலையையே செய்கிறது. சொல்லுக்குச் சொல் நேராக வைத்துக்கொண்டே போகலாம். ஆனால் எங்கள் பாடநூல்கள் எல்லாம் ஆங்கிலத்தின் வழியாகவே வந்தன. தமிழ்ப் பிள்ளைகள் வாக்கியத்தை ஒருமுறை தலைகீழாக்கி, மறுபடியும் நிமிர்த்திப் படித்தோம். இதைச் சொன்னால் உடனே "இரண்டும் ஒரே குடும்பம்" என்று கிளம்புவதற்கு நாலு பேர் இருக்கிறார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. பேராசிரியர் சுசுமு ஓனோ அப்படி ஒரு கொள்கையை முன்வைத்தார். பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. ஆனாலும் விழாவுக்கு விழா யாராவது ஒரு பேச்சாளர் அதை முழங்குவார். எதிரே இருக்கிற ஜப்பானியர் முகத்தில் புன்னகை உறைந்து நிற்க, நான் அதை மொழிபெயர்த்துக்கொண்டு நிற்பேன். ஜப்பானிய வரலாற்றாசிரியர் நொபொரு கராஷிமாவைப் பற்றி அந்த மேடைகளில் பேச்சே எழாது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டு படித்து, சோழர் காலத்து நில உரிமையை வரி வரியாக ஆராய்ந்தவர். 2013-இல் பத்மஸ்ரீ பெற்றவர். உறவு வளர்த்தவர் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால் நான் அவரைத்தான் காட்டுவேன்.

சரி, என் வேலைக்கு வருகிறேன்.

2009. ஒரகடத்தில் ஜப்பானிய, பிரெஞ்சுக் கூட்டில் பெரிய கார்த் தொழிற்சாலை எழும்பிக்கொண்டிருந்த சமயம். உதிரி பாகம் செய்கிறவர்களுக்கெல்லாம் ஆர்டர் ஆசை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில், உலோக ஷீட்டை அழுத்திப் பாகங்கள் செய்கிற ஒரு சிறிய பிரஸ் ஷாப்புக்கு என்னை அழைத்தார்கள். முதலாளி திருநெல்வேலிப் பக்கம். அண்ணாச்சி என்றே கூப்பிடுவேன். வந்தவர் நகோயாவுக்கு அருகே ஒரு சின்ன நிறுவனத்தின் பொறியாளர், அறுபதை நெருங்கியவர். மாதிரித் துண்டு ஒன்றை எடுத்து விளிம்பில் கட்டைவிரல் நகத்தை ஓட்டினார். ஓர் இடத்தில் நகம் நின்றது. பிசிறு. ஒன்றும் சொல்லாமல் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார்.

பேச்சு தொடங்கியது. அண்ணாச்சி ஐம்பது சதவீதம் முன்பணம் கேட்டார். பெரியவர் பல்லிடுக்கில் 'ஸா...' என்று காற்றை இழுத்து, தலையைச் சாய்த்து, "முஸுகஷீ தேஸு நே" என்றார். "கஷ்டம்தான் என்கிறார்" என்று சொன்னேன். அகராதிப்படி சரி. அண்ணாச்சி உற்சாகமாகிவிட்டார். "கஷ்டம்தானே? முடியாது என்று சொல்லவில்லையே! நாற்பது என்று சொல்லுங்கள் அம்மா." மறுபடியும் 'ஸா...'. முப்பது. இருபது. அங்கே பெரியவருக்குக் காது சிவந்துகொண்டே வந்தது. அவர் முதல் வாயிலேயே மறுத்தாயிற்று. மறுத்த பிறகும் ஒரு மனிதர் திரும்பத் திரும்பக் கேட்கிறாரே என்று அவருக்குக் கூச்சம்.

அடுத்தது அவர் முறை. சோதனைக்கு நானூறு துண்டுகள் இருபதாம் தேதிக்குள் கிடைக்குமா? "செய்துவிடலாம் சார்." நான் 'தெகிமாஸ்' என்றேன். முடியும். அவர் நோட்டில் தேதியை எழுதி, அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். அந்தக் கோட்டைப் பார்த்தபோதே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வாயைத் திறக்கவில்லை. இருபதாம் தேதி 260 துண்டுகள் இருந்தன. ஷீட் வரவில்லையாம். பெரியவர் அண்ணாச்சியைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தார். "நீங்கள் தெகிமாஸ் என்றீர்கள்."

நம் ஊரில் வாசல்தேடி வந்தவரிடம் 'முடியாது' என்று சொல்வது அவமரியாதை. 'செய்துவிடலாம்' என்பதில் பாதி மரியாதை, மீதி நல்லெண்ணம். தேதி அதில் கிடையாது. அவர்களும் முகத்துக்கு நேரே மறுக்கமாட்டார்கள். 'கஷ்டம்' என்பார்கள், 'பரிசீலிக்கிறோம்' என்பார்கள், நாம் 'பார்க்கலாம்' என்று சொல்லி அனுப்புகிற மாதிரி. இரண்டு பக்கமும் பண்போடு நடந்துகொண்டு ஒருவரையொருவர் கவிழ்த்துவிட்டார்கள். அகராதியைப் பிடித்துக்கொண்டு நான் நடுவில் நின்றேன்.

அன்றிலிருந்து நேராக மொழிபெயர்ப்பதில்லை. 'செய்துவிடலாம்' என்று காதில் விழுந்ததும், "ஒரு சந்தேகம் கேட்டுக்கொள்கிறேன்" என்று ஜப்பானியரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, "கையில் ஷீட் இருக்கிறதா அண்ணாச்சி?" என்று கேட்பேன். மொழிபெயர்ப்பாளர் குழாய் மாதிரி இருக்க வேண்டும், ஊற்றியது அப்படியே ஒழுக வேண்டும் என்று இதைப் படித்துவிட்டு யாராவது பாடம் எடுக்க வருவார்கள். தெரியும் ஐயா. நீதிமன்றத்தில் அப்படித்தான் இருக்க வேண்டும். பிரஸ் ஷாப்பில் அப்படி இருந்தால் 140 துண்டு குறையும்.

ஜப்பானியத்தில் 'நெமவாஷி' என்பார்கள். மரத்தைப் பெயர்த்து நடுவதற்கு முன்னால் வேரைச் சுற்றித் தோண்டிப் பக்குவப்படுத்துவது. கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவரையும் தனியாகப் பார்த்துப் பேசி வைப்பதற்கும் அதே சொல். அடுத்த முறை பெரியவர் வந்தபோது கூட்டத்துக்கு முதல் நாளே அவரை அண்ணாச்சியிடம் டீ குடிக்க அழைத்துப் போனேன். அதற்கு எனக்குக் கூலி கிடையாது. நீங்கள் கேட்ட 'உண்மையில் என்ன செய்கிறார்கள்' என்பதற்கு என் பதில் பெரும்பாலும் அந்த டீதான்.

கூலி என்றதும் நினைவுக்கு வருகிறது. என் பீரோவில் பதினோரு பொன்னாடைகள் இருக்கின்றன. விழாவில் மூன்று மணி நேரம் நின்று பேசிய பிறகு, "உங்கள் சேவைக்கு" என்று போர்த்திவிடுவார்கள். பந்தல் போட்டவருக்குப் பணம், சாப்பாடு போட்டவருக்குப் பணம், எனக்குச் சேவை. விருந்திலும் அப்படித்தான். இரு பக்கமும் வாயில் சோற்றோடு பேசுவார்கள், என் இலையில் சாம்பார் ஆறிப் போகும், மோருக்கு வரும்போது எல்லோரும் எழுந்துவிடுவார்கள். ஒருமுறை சம்பளம் எவ்வளவு என்று கேட்டதற்கு, "தெரிந்த மொழியைப் பேசுவதற்குக் காசா?" என்றார் ஓர் அமைப்பாளர். இது கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

அண்ணாச்சிக்கு ஆர்டர் கிடைத்தது. பெரிதாக ஒன்றுமில்லை, மாதம் ஒரு லாட். 2011 மார்ச் 11, வெள்ளிக்கிழமை. மதியம் என் தொலைபேசியில் அவர். "சுனாமி என்று டிவியில் காட்டுகிறானே அம்மா, நம் ஐயாவின் ஊர் எது?" அந்தச் சொல் ஜப்பானியம் என்பது கூட 2004 டிசம்பருக்கு முன் எங்களில் பலருக்குத் தெரியாது. நகோயா தள்ளி இருக்கிறது என்றேன். அவர் சமாதானமாகவில்லை. அன்று இணைப்பே கிடைக்கவில்லை. மறுநாள் என்னைப் பிரஸ் ஷாப்புக்கு வரவழைத்து, 'நலமா' என்பதற்கு ஜப்பானியத்தில் என்ன என்று கேட்டார். 'தாய்ஜோபு' என்று சொல்லிக்கொடுத்தேன். நாலைந்து முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். இணைப்புக் கிடைத்ததும் ரிசீவரை என் கையில் தராமல் தானே, "சார், தாய்ஜோபு?" என்றார்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "தாய்ஜோபு, தாய்ஜோபு" என்று கேட்டது. ரிசீவர் என் கைக்கு வந்தது. குடும்பம் நலம், கட்டடம் நலம் என்றெல்லாம் சொல்லிவிட்டுப் பெரியவர், ஏப்ரல் லாட் தேதிக்கு வந்துவிடுமா என்று கேட்டார்.

அதைச் சொன்னேன். அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

"செய்துவிடலாம் என்று சொல்லவா?"

"கையில் ஷீட் இருக்கிறதா?"

"இருக்கிறது அம்மா, நேற்றே வந்துவிட்டது."

"தெகிமாஸ்" என்றேன் ரிசீவரில்.