நாட் கிங் கோல் குரலில் அப்படி என்ன இருக்கிறது? எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

அமெரிக்க ஜாஸ் கலைஞரான அவர் முதலில் பியானோக்காரர், அப்புறம்தான் பாடகர். இதை மனதில் வைத்துக்கொண்டு கேட்டாலே பாதி விஷயம் பிடிபட்டுவிடும். 1937-ல் லாஸ் ஏஞ்சலிஸில் அவர் அமைத்த மூவர் குழுவில் பியானோ, கிடார், பேஸ் என்ற கனத்த ஒலியுள்ள பெரிய தந்தி வாத்தியம் அவ்வளவுதான், டிரம்ஸ் கிடையாது, தாளத்தை மூன்று பேரும் தங்களுக்குள்ளேயே பிடித்து நிறுத்த வேண்டும். அந்தப் பழக்கம் குரலிலும் இருக்கிறது. ஒரு சொல்லை அதன் இடத்தில் வைத்துவிட்டு அடுத்ததற்கு அவசரப்படாமல் காத்திருப்பார், சொல்லின் கடைசி ஒலியைக்கூட விழுங்க மாட்டார். ஆங்கிலம் சுமாராகத் தெரிந்தவர்களுக்கும் அவர் பாட்டு வரி வரியாகப் புரியும்.

மைக்குக்கு அருகில் நின்று மெல்லப் பாடும் இந்த வகையே 1920-களின் நடுவில் மின்சார ஒலிப்பதிவு வந்த பிறகு வளர்ந்ததுதான். பிங் கிராஸ்பி போன்ற பாடகர்கள் வழி திறந்தார்கள். ஆனால் அப்படிப் பாடும் பலரிடம் ஒரு கொஞ்சல் ஒட்டிக்கொள்ளும். கோலிடம் எனக்கு அது கேட்டதே இல்லை. லேசான கரகரப்பு, அடக்கமான வீச்சு, உச்சத்துக்குப் போய் கைதட்டல் வாங்கும் ஆசையே இல்லாத குரல். பின்னாளில் பெரும் பாடகரான ரே சார்ல்ஸ் தன் ஆரம்ப காலத்தில் இவரைப் போலவே பாட முயன்றார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் 'அன்ஃபர்கெட்டபிள்' பாட்டைக் கேளுங்கள் என்பார்கள். சரி, கேளுங்கள். ஆனால் 1957-ல் வந்த 'ஸ்டார்டஸ்ட்' பதிவை விட்டுவிடாதீர்கள். இசையமைப்பாளர் ஹோகி கார்மைக்கேலின் அந்த மெட்டு முதலில் வாத்திய இசையாக வந்தது, மேலும் கீழும் தாவிக்கொண்டே இருக்கும், பாடகருக்குச் சிரமம். பல பாடகர்கள் தவிர்த்துவிடும் முன்பகுதியையும் சேர்த்துப் பாடுகிறார் கோல், அந்தத் தாவல்கள் நமக்குத் தெரியவே தெரியாது.

முதலில் எதை என்று கேட்டால் நான் 'ஆஃப்டர் மிட்நைட்' ஆல்பத்தைத்தான் சொல்வேன். அதற்குள் அவர் பெரிய ஆர்கெஸ்ட்ராக்களின் முன்னால் நின்று பாடும் நட்சத்திரமாகியிருந்தார். இதில் மறுபடி பியானோவில் உட்கார்ந்து சிறிய குழுவோடு பாடுகிறார், ஹாரி எடிசனின் டிரம்பெட்டும் ஸ்டஃப் ஸ்மித்தின் வயலினும் பாட்டுக்குப் பாட்டு வந்து சேர்கின்றன. பாடுவதும் வாசிப்பதும் ஒரே ஆள் என்பதால் ஒரு வரி முடிந்ததும் வரும் இடைவெளியில் அவர் கை என்ன சொல்கிறது என்று கவனியுங்கள்.

இது பதிவானது 1956-ல். அதே வருடம் ஏப்ரலில், அவர் பிறந்த அலபாமா மாநிலத்திலேயே, பர்மிங்காம் நகரில் பாடிக்கொண்டிருந்தபோது வெள்ளை இனவெறியர்கள் மேடை ஏறி அவரைத் தாக்கினார்கள். நவம்பரில் என்பிசி தொலைக்காட்சியில் அவர் பெயரிலேயே நிகழ்ச்சி தொடங்கியது, கறுப்பர் நடத்தும் நிகழ்ச்சி என்பதால் நாடு முழுவதற்குமான விளம்பரதாரர் ஒருவர்கூட முன்வரவில்லை, அடுத்த வருடக் கடைசியில் நின்றுபோனது. இரண்டுக்கும் நடுவில் இவ்வளவு இதமாக ஒரு ஆல்பம் பாடியிருக்கிறாரே என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அறுபதுகளில் கோரஸ் சேர்த்து வந்த 'ராம்ப்ளின் ரோஸ்' மாதிரிப் பாட்டுகள் நன்றாக விற்றன, எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. விடாமல் சிகரெட் பிடித்தவர், 1965-ல் நுரையீரல் புற்றுநோயில் போய்விட்டார். வயது 45தான்.

நேரம் இருந்தால் 'ஸ்வீட் லொரைன்' பாட்டை 1940-ல் டெக்கா என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பாடிய பதிவில் ஒரு தடவையும் 'ஆஃப்டர் மிட்நைட்'டில் ஒரு தடவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு. பதினாறு வருடத்தில் குரல் எவ்வளவு கனிந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.