வாங்கி வருந்தும் கேமுக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: வணக்கம் மேடம். ஒரு கேம் வெளிவருவதற்கு மூன்று மாதம் முன்பே, டிரெய்லரைப் பார்த்து ஆசைப்பட்டு ஆன்லைன் ஸ்டோர் ஒன்றில் பிரீ-ஆர்டர் செய்தேன். அதுவும் விலை கூடுதலான டீலக்ஸ் பதிப்பு. வெளியான அன்று இரவு ஆட உட்கார்ந்தால், மூன்றாவது லெவலில் பாலத்தைத் தாண்டும்போது கேம் அப்படியே மூடிக்கொள்கிறது. எத்தனை முறை போனாலும் அதே இடம். செட்டிங்ஸை மாற்றினேன், கிராபிக்ஸ் கார்டின் டிரைவரைப் புதுப்பித்தேன், கேமையே அழித்துவிட்டு மறுபடி இறக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. நண்பனோடு சேர்ந்து ஆடலாம் என்று ஸ்டோர் பக்கத்தில் போட்டிருந்த கோ-ஆப் வசதியும் உள்ளே இல்லை. ரீஃபண்ட் கேட்டேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆடிவிட்டீர்கள் என்று இரண்டு முறை மறுத்துவிட்டார்கள். கணக்கில் 3 மணி 20 நிமிடம் காட்டுகிறது. கேம் வெளியாகி இன்று 11 நாள். இதற்கிடையில் பதற்றத்தில் ஏதோ ஒரு பட்டனை அழுத்தி, கேமுக்குள் விற்கும் காயின் பேக் ஒன்றையும் வாங்கித் தொலைத்துவிட்டேன். கார்டு வங்கியிடம் சொல்லிப் பணத்தைத் திருப்பிவிடலாமா? இதற்கெல்லாம் கோர்ட்டுக்குப் போக முடியுமா? நான் அனுப்பிய கோரிக்கையின் நகலை இணைத்திருக்கிறேன்.

பதில்: நீங்கள் இணைத்திருக்கும் அந்த நகலிலிருந்தே தொடங்குகிறேன். அதில் இருப்பது ஒரே வரி: "கேம் செம மொக்கை, காசு வேஸ்ட், ரீஃபண்ட் வேண்டும்." எனக்கு எழுதிய கடிதத்தில் பாலம், டிரைவர், கோ-ஆப் என்று அத்தனை விவரமும் இருக்கிறது. பணத்தைக் கொடுக்க வேண்டியவர்களுக்கு எழுதியதில் அதில் ஒன்றுகூட இல்லை. கோபத்தில் எழுதியிருக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் 'மொக்கை' என்பது உங்கள் ரசனை. ரசனைக்காக எந்தச் சட்டமும் பணம் வாங்கித் தராது. 'மூன்றாவது லெவலில் ஒவ்வொரு முறையும் நின்றுபோகிறது' என்பது பொருளில் உள்ள குறை. சட்டம் பேசுவது குறைக்குத்தான்.

கேம் வாங்கி வருந்துபவர்கள் பலரிடமும் இந்தக் குழப்பத்தைப் பார்க்கிறேன். வருத்தம் ஒன்றுதான், காரணங்கள் வேறு வேறு. கதை இழுவை, போரடிக்கிறது, நண்பர்கள் யாரும் ஆடவில்லை, அடுத்த மாதமே பாதி விலைக்கு வந்துவிட்டது என்பவை ஒரு வகை. ஓடவில்லை, சொன்னது இல்லை, தெரியாமல் பணம் போய்விட்டது என்பவை இன்னொரு வகை. முதல் வகைக்குக் கடைக்காரர் மனம்வைத்துத் தருவதுதான் உண்டு. இரண்டாவது வகைக்கு அவர் மனம்வைக்க வேண்டியதில்லை, சட்டமே தரச் சொல்லும். உங்கள் வழக்கு முழுக்க இரண்டாவது வகை. ஆனால் முதல் வகையின் கதவைத் தட்டிவிட்டுத் திறக்கவில்லையே என்று நிற்கிறீர்கள்.

அந்த இரண்டு மணி நேரக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் ஸ்டோர் 2015 ஜூனில் ஒரு ரீஃபண்ட் முறையைக் கொண்டுவந்தது. வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், எந்தக் காரணத்துக்காகவும் திருப்பிக் கேட்கலாம். பிடிக்கவில்லை என்றே சொல்லலாம். பிரீ-ஆர்டர் என்றால் அந்த 14 நாள் கேம் வெளியான நாளிலிருந்து ஓடத் தொடங்கும். ஜிஓஜி ஸ்டோரில் 30 நாள் வரை, ஆடிய பிறகும் கேட்கலாம். சோனியின் பிளேஸ்டேஷன் ஸ்டோரிலோ தரவிறக்கத்தைத் தொடங்கிவிட்டாலே, குறை இருந்தால் ஒழிய, அந்தச் சலுகை போய்விடும். இப்படிக் கடைக்குக் கடை மாறுவதிலிருந்தே தெரியவில்லையா, இது அவரவர் வகுத்த விதி என்று? அது நல்ல விதிதான், பலருக்கு உதவியிருக்கிறது. ஆனால் அது சட்டம் கொடுக்கும் உரிமைக்கு மேலே கூடுதலாகக் கிடைப்பது. அந்த உரிமையை அது அழித்துவிடாது.

இதை நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் மீது ஆஸ்திரேலியாவின் நுகர்வோர் ஆணையம் 2014இல் வழக்குப் போட்டது. அப்போது ஸ்டீமில் பொதுவான ரீஃபண்ட் முறையே கிடையாது. பணம் திரும்பக் கிடைக்காது என்றுதான் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள். நாங்கள் அமெரிக்காவில் இருக்கிறோம், எங்கள் ஒப்பந்தப்படி வாஷிங்டன் மாநிலச் சட்டம்தான் செல்லும் என்பது அவர்களின் வாதம். 2016 மார்ச்சில் கூட்டாட்சி நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எங்கள் மக்களுக்கு விற்கிறாய், எங்கள் நுகர்வோர் சட்டம் உன்னைக் கட்டும் என்றது. அந்த ஆண்டு டிசம்பரில் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம். 2018இல் அந்த நாட்டின் உச்ச அமைப்பான உயர் நீதிமன்றமும் மேல்முறையீட்டுக்கு அனுமதி தரவில்லை. அப்புறம் 2020இல் சோனியின் ஐரோப்பிய நிறுவனத்துக்கு அதே நாட்டில் 35 லட்சம் டாலர் அபராதம். கேமை இறக்கிவிட்டால், அல்லது 14 நாள் தாண்டிவிட்டால், பணம் தர வேண்டியதில்லை என்று குறையுள்ள கேமை வாங்கியவர்களிடம் அவர்களுடைய ஊழியர்கள் சொன்னதும் அதற்கு ஒரு காரணம். உங்களுக்கு வந்த பதிலும் கிட்டத்தட்ட அதே ரகம்.

எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று நீங்கள் குறிப்பிடவில்லை. அதனால் பல நாடுகளுக்கும் பொதுவான அடிப்படையைச் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் டிஜிட்டல் பொருள்களுக்கென்றே 2019இல் ஒரு சட்ட ஆணை வந்தது, 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பிரிட்டனில் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம். இரண்டிலும் வரிசை ஒன்றே: முதலில் விற்றவர் குறையைச் சரிசெய்ய வேண்டும். நியாயமான காலத்துக்குள் செய்யவில்லை என்றால் விலையில் கழிவு தர வேண்டும், குறை பெரிதென்றால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கலாம். ஐரோப்பிய ஆணையில் இன்னொரு நல்ல அம்சம்: பொருள் கைக்கு வந்த ஓராண்டுக்குள் குறை வெளிப்பட்டால், அது சரியாகத்தான் இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு விற்றவருடையது. ஆனால் வாங்கியவரின் கணினி கேமுக்குத் தேவையான தகுதியில் இல்லை என்று அவர் காட்டிவிட்டால் இந்தப் பாதுகாப்பு விலகிவிடும்.

இங்கேதான் உங்கள் கடிதத்தில் ஓர் ஓட்டை. இவ்வளவு எழுதிய நீங்கள், உங்கள் கணினியின் கிராபிக்ஸ் கார்டு எது, மெமரி எவ்வளவு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஸ்டோர் பக்கத்தில் 'குறைந்தபட்சத் தேவை' என்று ஒரு பட்டியல் இருக்குமே, அதையும் உங்கள் கணினியின் விவரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் கணினி அதற்குக் கீழே இருந்தால், நான் மேலே சொன்னதில் பெரும்பகுதி உங்களுக்குப் பயன்படாது. மேலே இருந்தால் அந்த ஒப்பீட்டையே முதல் சான்றாக வையுங்கள்.

சரி, 3 மணி 20 நிமிடத்துக்கு வருவோம். கேம் திறந்திருந்த நேரம் முழுவதையும் ஸ்டோர் 'ஆடிய நேரம்' என்று எண்ணிவிடுகிறது. மெனுவில் நின்றது, ஷேடர் (காட்சிகளை வரையும் சின்ன நிரல்கள்) தயாராகட்டும் என்று திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தது, செட்டிங்ஸை மாற்றி மாற்றித் திறந்தது, கிராஷ் ஆகி மறுபடி அதே லெவலைத் தொடக்கத்திலிருந்து ஓடியது எல்லாமே அதில் சேர்த்தி. நீங்கள் உண்மையில் ஆடியது எவ்வளவு? எங்கே நிறுத்தினீர்கள் என்று கேம் சேமித்துவைக்கும் சேவ் கோப்பில் பெரும்பாலும் நேரம் பதிவாகியிருக்கும். அதைத் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். சேவ் கோப்பில் 50 நிமிடமும் கணக்கில் 3 மணி 20 நிமிடமும் இருந்தால், அந்த வித்தியாசமே உங்கள் வாதம். கிராஷ் ஆகும்போது வரும் பிழைச் செய்தி, கணினியின் பிழைகளைக் குறித்துவைக்கும் விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் தேதி, நேரத்தோடு விழும் பதிவு, பாலத்தருகே கேம் மூடிக்கொள்வதைக் காட்டும் ஒரு சின்ன வீடியோ, இவற்றையும் சேர்த்துவையுங்கள். பணம் வரும்வரை கேமை அழிக்காதீர்கள். அழித்தால் சில கேம்களில் சேவ் கோப்பும் போய்விடும்.

கோ-ஆப் விஷயம் தனி. டிரெய்லரை நம்பி ஏமாந்தேன் என்ற வாதத்தை நான் எப்போதும் இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன். 'நோ மேன்ஸ் ஸ்கை' என்ற கேம் 2016இல் வந்தபோது காட்டியது ஒன்று, கிடைத்தது வேறொன்று என்று பலர் கொதித்தார்கள். பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையத்துக்குப் புகார் போனது. அவர்கள் ஸ்டீம் பக்கத்திலிருந்த படங்கள், வீடியோக்களை ஆராய்ந்து, அந்த ஆண்டு நவம்பரில், இது ஏமாற்று விளம்பரம் அல்ல என்று முடிவு சொன்னார்கள். ஒவ்வொருவருக்கும் வேறு வேறாக உருவாகும் உலகம் அது, காட்டிய மாதிரியான காட்சிகள் உள்ளே கிடைக்கத்தான் செய்கின்றன என்பது காரணம். டிரெய்லரின் அழகை அளக்க அளவுகோல் கிடையாது. ஆனால் உங்கள் நிலைமை வேறு. 'இருவர் சேர்ந்து ஆடலாம்' என்று எழுத்தில் போட்டிருந்தார்கள், அது கேமில் இல்லை. இருக்கிறதா இல்லையா என்று ஐந்து நிமிடத்தில் சோதித்துவிடலாம். ஆனால் அந்தப் பக்கத்தை இன்றே படம் எடுங்கள். 'பின்னால் வரும் அப்டேட்டில்' என்று சின்ன எழுத்தில் எங்காவது இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் இந்த வாதத்தை அடக்கி வாசிக்க வேண்டும். பக்கத்தை எந்த நேரமும் மாற்றிவிடலாம், அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

இப்போது கோரிக்கையைப் புதிதாக எழுதுங்கள். எனக்கு எழுதிய அந்தக் கைதான், கோபம் மட்டும் வேண்டாம். இப்படி இருக்கட்டும்:

"இன்ன தேதியில் வாங்கிய இன்ன கேம், மூன்றாவது லெவலில் பாலத்தைக் கடக்கும்போது ஒவ்வொரு முறையும் நின்றுபோகிறது. ஒன்பது முறை முயன்றேன். என் கணினி நீங்கள் குறிப்பிட்ட தேவையைவிடக் கூடுதல் தகுதி உள்ளது, விவரம் இணைப்பில். டிரைவரைப் புதுப்பித்தேன், மீண்டும் நிறுவினேன், பலனில்லை. விற்பனைப் பக்கத்தில் குறிப்பிட்டிருந்த கோ-ஆப் வசதியும் இல்லை, படம் இணைப்பில். கணக்கில் காட்டும் நேரத்தின் பெரும்பகுதி இந்தக் குறையைச் சரிசெய்ய முயன்ற நேரம். மனம் மாறியதால் நான் ரீஃபண்ட் கேட்கவில்லை. குறையுள்ள பொருள் என்பதால் நுகர்வோர் சட்டத்தின்படி கேட்கிறேன். 14 நாளுக்குள் குறையைச் சரிசெய்யுங்கள், அல்லது முழுத் தொகையைத் திருப்புங்கள்."

ஒன்பது என்பது நான் போட்ட எண். உங்கள் எண்ணை எண்ணிப் போடுங்கள், ஒன்றுகூட மிகைப்படுத்த வேண்டாம். முதல் பதில் பெரும்பாலும் இயந்திரம் அனுப்புவதுதான். அதோடு நிறுத்தாமல், ஒரு மனிதர் படிக்க வேண்டும் என்று கேட்டு, அதே டிக்கெட்டிலேயே (உங்கள் கோரிக்கைக்கு ஸ்டோர் திறக்கும் பதிவு) தொடருங்கள். அந்தக் கேமின் மற்ற பயனர்களுக்கும் பாலத்தில் இதே கதி என்றால் அதையும் குறிப்பிடுங்கள். சைபர்பங்க் 2077 நினைவிருக்கிறதா? 2020 டிசம்பர் 10 அன்று வெளியானது. பழைய கன்சோல்களில் படுமோசமாக ஓடியது. ஒரு வாரத்துக்குள் சோனி அதைத் தன் ஸ்டோரிலிருந்தே எடுத்துவிட்டு, கேட்டவர்களுக்கெல்லாம் முழுப் பணத்தைத் தருவதாக அறிவித்தது. 2023 டிசம்பரில் 'தி டே பிஃபோர்' வெளியான நான்காம் நாளே அதைச் செய்த நிறுவனம் மூடப்போவதாக அறிவித்தது, வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பியது. அங்கெல்லாம் இரண்டு மணி நேரக் கணக்கை யாரும் பிடித்துத் தொங்கவில்லை.

கார்டு வங்கி வழியாகப் பணத்தைத் திருப்புவது பற்றி: முடியும், ஆனால் அதைக் கடைசியாக வையுங்கள். வங்கியில் புகார் கொடுத்ததும் ஸ்டோர் உங்கள் கணக்கையே முடக்கிவிடக்கூடும், பல ஸ்டோர்களின் விதிகளில் அதற்கு இடமிருக்கிறது. என்னிடம் வந்த ஒருவர் ஒரே ஒரு கேமின் பணத்துக்காக அப்படிச் செய்து, பத்தாண்டுகளாகச் சேர்த்திருந்த நூற்றுச் சொச்சம் கேம்களைத் திறக்க முடியாமல் நின்றார். 'வாங்கு' என்று பட்டன் இருந்தாலும் நமக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமம் மட்டும்தான். கலிபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து அதை வெளிப்படையாகச் சொல்லாமல் 'வாங்கு' என்று போடக் கூடாது என்றே சட்டம் வந்திருக்கிறது. அதனால் முதலில் மேலே சொன்ன கோரிக்கை, பிறகு நுகர்வோர் அமைப்பு, அதற்கும் பதில் இல்லையென்றால் வங்கி. வங்கிக்குப் புகார் கொடுக்கக் காலக்கெடு உண்டு. அது என்ன தேதி என்று இப்போதே வங்கியில் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மூன்று மாதம் முன்பே பணம் கட்டியவர் என்பதால், கெடுவை எந்த நாளிலிருந்து எண்ணுவார்கள் என்றும் கேளுங்கள்.

காயின் பேக்கைத் தனி டிக்கெட்டாகப் போடுங்கள், கேமோடு கலக்க வேண்டாம். 'வாங்கித் தொலைத்துவிட்டேன்' என்று உங்களையே திட்டிக்கொள்ள வேண்டியதில்லை. ஃபோர்ட்நைட் கேமை நடத்தும் எபிக் மீது அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் வைத்த குற்றச்சாட்டே இதுதான்: ஒரு பட்டனை அழுத்தினாலே பணம் போகும்படி குழப்பமாக வடிவமைத்திருக்கிறார்கள், வங்கியில் முறையிட்டவர்களின் கணக்கைப் பூட்டினார்கள் என்று. 2022 டிசம்பரில் 24.5 கோடி டாலரை வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர எபிக் ஒப்புக்கொண்டது. உங்கள் வாங்குதலின்போது 'உறுதியா?' என்று கேட்கும் திரை வந்ததா இல்லையா என்பதைத்தான் முதலில் நினைவுபடுத்திப் பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் அதை எழுதுங்கள். காயின்களில் ஒன்றைக்கூடச் செலவழிக்காதீர்கள், செலவழித்தால் பயன்படுத்திவிட்டீர்கள் என்பார்கள்.

கோர்ட்டுக்குப் போகலாமா என்றால், போகலாம். ஐரோப்பிய ஒன்றியம், இந்தியா உட்படப் பல இடங்களில் நுகர்வோர் தான் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போட முடியும். வக்கீல் வைக்காமலே நீங்களே பேசும் நுகர்வோர் மன்றங்களும் சிறு வழக்கு நீதிமன்றங்களும் இதற்காகத்தான் இருக்கின்றன. ஆனால் ஒப்பந்தத்தில் நடுவர் மன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்ற பிரிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது செல்லுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். அந்தப் பிரிவையும், ஸ்டோர் அனுப்பிய இரண்டு மறுப்புகளையும், உங்கள் நாட்டின் பெயரையும் எனக்கு அனுப்புங்கள். இன்று 11ஆம் நாள், ஸ்டோரின் 14 நாளில் இன்னும் மூன்று மிச்சமிருக்கிறது. புதிய கோரிக்கை அதற்குள் போய்ச் சேரட்டும்.