சம்பளம் நிற்கும் வருடம், ரப்பரும் நிற்கும்

கேள்வி: எனக்கு வயது 55. குமரி மாவட்டம் அருமனை பக்கம் சொந்த வீடு. மார்த்தாண்டத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் 2001-லிருந்து கணக்கு எழுதுகிறேன். 58-ல் ஓய்வு. அடிப்படைச் சம்பளம் 20,000, கைக்கு வருவது 38,000. மனைவி பேரில் 80 சென்ட் ரப்பர் விளை (தோட்டம்) இருக்கிறது, 1999-ல் நட்டது. பால் வெட்டுக்கூலி போக வருடத்துக்கு ஐம்பதாயிரம் தேறும்.

கடன்கள்: வீட்டுக் கடன் பாக்கி 7,20,000 (9 சதவீதம், மாதத் தவணை 13,200). மகள் கல்யாணத்துக்கு எட்டு பவுன் பணயம் வைத்து வாங்கியது 3,00,000 (வருடத்துக்கு ஒருமுறை 27,000 வட்டி கட்டித் திருப்பி வைக்கிறேன்). தெரிந்தவரிடம் ரெண்டு வட்டிக்கு 1,50,000, மாதம் 3,000 வட்டி மட்டும் போகிறது. எடுத்து முடித்த சிட்டிக்கு (சீட்டுக்கு) மாதம் 5,000, இன்னும் 20 மாதம். கிரெடிட் கார்டில் 60,000, மினிமம் 3,000 கட்டுகிறேன்.

கையிருப்பு: பி.எஃப். 9,50,000. மகன் கல்யாணத்துக்கென்று வைத்திருக்கும் எஃப்.டி. 2,00,000. மகன் ஷார்ஜாவில் இருக்கிறான், அவ்வப்போது பத்தோ பதினைந்தோ ஆயிரம் அனுப்புவான். பென்ஷன் 6,400 வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். பி.எஃப். பணத்தை இப்போதே எடுத்து எல்லாக் கடனையும் அடைத்துவிடலாமா? கடன் இல்லாமல் ஓய்வு பெற வேண்டும் என்பதுதான் ஆசை.

பதில்: அந்த ஆசை நியாயமானது. ஆனால் பி.எஃப்.-ஐத் தொடாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் நீங்கள் கடனாகவே எழுதாத ஒன்றுதான் என்னை முதலில் நிறுத்தியது. 1999-ல் நட்ட மரம்.

இருபத்தாறு, இருபத்தேழு வயது ரப்பர். பட்டையின் நிலை என்ன என்று வெட்டுகிறவர் உங்களிடம் ஏற்கெனவே சொல்லியிருப்பார். இன்னும் சில வருடம் மேல் பட்டையில் ஓட்டலாம், அதற்குப் பிறகு முறித்துத்தான் ஆக வேண்டும். இப்படியே போனால் நீங்கள் ஓய்வு பெற்று ஓரிரு வருடத்துக்குள் மரம் முறிக்க வேண்டி வரும். புதுக் கன்று வெட்டுக்கு வர ஏழு வருடம். அதாவது சம்பளமும் இல்லை, பாலும் இல்லை, 65 வயது தாண்டும் வரை. என் அப்பாவுக்கு இதேதான் நடந்தது. ரிட்டயர் ஆன மறுவருடம் விளையை முறித்தார். மரம் விற்ற பணத்தில் வீட்டுக்கு மாடி எடுத்தார். அடுத்த ஆறேழு வருடம் அம்மா சிறுவாடு பிடித்து வீட்டை ஓட்டினாள். மாடியில் இன்று யாரும் இல்லை.

ஆகவே நாம் போட வேண்டிய திட்டத்தில் கடனும் விளையும் சேர்ந்தேதான் வர வேண்டும். முதலில் கடன்.

எஃப்.டி.யை உடையுங்கள். மகன் கல்யாணத்துக்கு வைத்தது என்பது தெரியும், ஆனால் கணக்கு எழுதுகிறவர் நீங்கள், பாருங்கள். அந்த ரெண்டு லட்சம் வருடத்துக்கு ஏறக்குறைய 14,000 சம்பாதிக்கிறது. அதே வருடத்தில் ரெண்டு வட்டிக்காரருக்கு 36,000 போகிறது. கார்டுக்கு மாதம் மூன்றரை சதவீதம் என்றால் இன்னொரு 25,000. முன்கூட்டி உடைத்தால் பாங்கில் வட்டியில் ஒரு சதவீதம் போலக் குறைப்பார்கள், குறைத்துக்கொள்ளட்டும். மகனிடம் நேரில் சொல்லுங்கள். ஷார்ஜாவில் சம்பாதிக்கிற பையன் தன் கல்யாணச் செலவில் ஒரு பங்கை ஏற்பதில் கேவலம் ஒன்றும் இல்லை.

உடைத்த பணத்தில் 60,000 கார்டுக்கு. அதோடு கார்டை பீரோவுக்குள் வையுங்கள். மினிமம் 3,000 கட்டுகிறீர்கள், அதில் அசலுக்குப் போவது ஆயிரம்கூட இல்லை. மாதக் கடைசியில் குறைவதை மறுபடி கார்டிலேயே தேய்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன், இல்லாவிட்டால் இதற்குள் கொஞ்சமாவது இறங்கியிருக்கும். அடுத்து ஒரு லட்சம் ரெண்டு வட்டிக்காரருக்கு. மீதி 40,000 அவசரத்துக்கு, சேமிப்புக் கணக்கிலேயே கிடக்கட்டும்.

ஒரு லட்சத்தைக் கொடுக்கும்போது வெறும் கையோடு திரும்பாதீர்கள். புரோநோட்டின் பின்பக்கம் தேதியும் தொகையும் போட்டு வரவு எழுதி அவர் கையெழுத்து வாங்குங்கள். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் பாங்க் வழியாக அனுப்புங்கள். தெரிந்தவர் என்பதால் பலர் இதைக் கேட்கக் கூச்சப்படுவார்கள். பிள்ளைகள் காலத்தில் அந்த நோட்டு வேறு தொகையோடு வெளியே வந்ததை நான் பார்த்திருக்கிறேன். கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக் கொடுத்திருந்தால் கடன் முடியும் அன்றைக்கே அதையும் திரும்ப வாங்க வேண்டும்.

இப்போது அவரிடம் பாக்கி 50,000. இதுவரை அவருக்கும் கார்டுக்குமாகப் போய்க்கொண்டிருந்த 6,000 ரூபாயை அப்படியே மாதாமாதம் அவருக்குக் கொடுங்கள். முதல் மாதம் ஆயிரம் வட்டி, ஐயாயிரம் அசல். பிறகு வட்டி குறைந்துகொண்டே வரும், பத்தாவது மாதம் நோட்டு உங்கள் கைக்கு வந்துவிடும்.

சிட்டியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். முன்கூட்டிக் கட்டினாலும் அதில் வட்டி மிச்சமாகாது, எடுத்தபோதே தள்ளுபடியில் விலை கொடுத்துவிட்டீர்கள். தவணை தவறாமல் கட்டினால் போதும், தவறினால்தான் வரவேண்டிய கழிவு போகும். இருபதாவது மாதம் அந்த 5,000 விடுபடும். அந்த மாதத்தை நினைவில் வையுங்கள், விளைக்கு அதுதான் தேவை.

பணயத்துக்கு வருவோம். அடுத்து திருப்பி வைக்கும்போது மூன்று லட்சத்தையும் ஒரே கடனாக வைக்காமல், ஒவ்வொரு லட்சமாக மூன்று கடனாகப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். ஒரே கடன் என்றால் முழுத்தொகையும் சேரும் வரை ஒரு பொட்டு நகைகூட வீட்டுக்கு வராது. பிரித்து வைத்தால் ஒரு லட்சம் சேர்ந்ததும் ஒரு பொட்டலம் மீளும். வீட்டில் உள்ளவர்களுக்கும் அதைப் பார்த்தால் ஒரு தெம்பு. பத்தாம் மாதத்துக்குப் பிறகு அந்த 6,000 இதற்கே போகட்டும். பதினேழு மாதத்தில் முதல் பொட்டலம்.

இன்னொன்று. நீங்கள் நகையை வைத்தபோது இருந்த விலை வேறு, இன்றைய விலை வேறு. "இதே நகைக்கு இன்னும் ரெண்டு லட்சம் தரலாம், வாங்கிக்கிடுங்க" என்று கவுண்டரில் சொல்வார்கள். தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். அந்த விலையேற்றம் உங்களுக்கு வேறு விதத்தில் உதவும்: எட்டு பவுனில் பழைய மாடல், அறுந்தது, யாரும் போடாதது என்று ஏதாவது இருந்தால் அதை விற்று ஒரு பொட்டலத்தை முடிக்கலாம். ஆனால் நகை உங்கள் மனைவியுடையது. விற்பதா வேண்டாமா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும், நானோ நீங்களோ அல்ல.

இனி விளை. ஓய்வு வரை காத்திருக்காதீர்கள். சிட்டி முடிந்த பிறகு வரும் கோடையில் மரத்தை முறித்து, இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையோடு புதுக் கன்று வையுங்கள். இன்றைக்கு உங்களுக்குச் சம்பளம் இருக்கிறது, பால் நின்ற இடத்தைச் சிட்டியில் விடுபட்ட 5,000 நிரப்பும். இரண்டு வருடம் தள்ளி முறித்தால் அந்த இடத்தை நிரப்ப எதுவும் இருக்காது. முதல் மூன்று நான்கு வருடம் கன்றுகளுக்கு இடையே வாழை போடலாம், அல்லது அன்னாசிக்குப் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) விடலாம். பாட்டத்துக்கு எடுப்பவர்களே நிலம் திருத்தும் செலவையும் பார்த்துக்கொள்வதுண்டு, பேசும்போதே எழுத்தில் வாங்குங்கள். மரம் விற்ற பணத்தில் முதல் பங்கு புது நடவுக்கு. மிஞ்சுவது இரண்டாவது பொட்டலத்துக்கு. மாடிக்கு அல்ல.

பட்ஜெட் விஷயத்தில் உங்களுக்கு ஒரே ஒரு விதிதான் சொல்வேன். சம்பளம் மாதச் செலவுக்கு, ரப்பர் வருடச் செலவுக்கு. இரண்டும் ஒரே கணக்கில் கலக்கக் கூடாது. ரப்பர் பணம் ஒழுங்காக வராது. மழைக்காலத்தில் வெட்டு இல்லை, இலை உதிரும் மாசியில் பால் சுண்டிவிடும், விலையோ 2011-ல் கிலோ 240 வரை போய் 2016 தொடக்கத்தில் 100-க்குக் கீழே வந்த சரக்கு. அதை நம்பி மாதத் தவணை வைக்க முடியாது. அதே மாதிரி ஒழுங்கில்லாமல் வரும் செலவுகளுக்குத்தான் அது பொருந்தும்: பணயத்துக்கு வருட வட்டி 27,000, வீட்டு வரி, பைக் இன்சூரன்ஸ், திருவிழா, ஆவணியிலும் தையிலும் வரிசையாக வரும் கல்யாண வீடுகள், புது வீட்டுப் பால் காய்ச்சு. தனிக் கணக்கு ஒன்று தொடங்கி ரப்பர் ஷீட் விற்ற பணத்தை நேராக அதில் போடுங்கள். மரம் முறித்த பிறகு சிட்டியின் 5,000 அதே கணக்குக்குப் போகும்.

மாதச் செலவுக்கு, தவணைகள் எல்லாம் போக உங்களிடம் இருப்பது 13,800. அதற்குள் வாழ்வதுதான் பயிற்சி, ஓய்வுக்குப் பின்னும் ஏறக்குறைய அதே தொகைதான் கிடைக்கப் போகிறது. மூன்று மாதம் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். நம் ஊரில் பெரும்பாலும் ஓட்டை விழுவது மீனில். விசைப்படகுத் தடை கிழக்குக் கரையில் ஏப்ரல் 15-ல் தொடங்கும், மேற்கில் ஜூலை 31 வரை நீளும். இரண்டு கரையும் நமக்கு என்பதால் அந்த மூன்றரை மாதமும் சந்தையில் விலை பிடிக்கு நிற்காது. மீனை விடச் சொல்லவில்லை, அந்த மாதங்களில் நெத்தோலிக் கருவாட்டுக்கும் ஒரு இடம் கொடுங்கள்.

இப்போது பி.எஃப். போன வருடங்களில் அதற்கு 8.25 சதவீதம் வட்டி வந்திருக்கிறது, உங்கள் வீட்டுக் கடன் 9 சதவீதம். முக்கால் சதவீத லாபத்துக்காக ஓய்வுக்கால முதல் முழுவதையும் கரைப்பதா? இதே வட்டி நீடித்தால், மாதாமாதம் சேர்வதையும் கூட்டி மூன்று வருடத்தில் அது 13 லட்சத்தை ஒட்டி வரும். வீட்டுக் கடன் தவணைப்படி போனால் அன்றைக்குப் பாக்கி சுமார் 4,00,000. கிராஜுவிட்டி, 20,000 அடிப்படைச் சம்பளத்துக்கு 28 வருடத்தில் 3,23,000. மாறும் வட்டிக் கடன் என்றால் முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. கிராஜுவிட்டியோடு பி.எஃப்.-லிருந்து 77,000 மட்டும் சேர்த்து வீட்டுப் பத்திரத்தை மீட்டுவிடலாம்.

பென்ஷனில் உங்கள் கணக்கு தப்பு. 28 வருடத்தோடு 2 வருடச் சலுகை சேர்த்து, முழுவதற்கும் 15,000 போட்டு 70-ஆல் வகுத்திருக்கிறீர்கள். 2014 செப்டம்பருக்கு முன் உள்ள வருடங்களுக்கு பென்ஷன் கணக்குக்கான சம்பள உச்சவரம்பு 6,500 தான். அப்படிப் போட்டால் 4,500-லிருந்து 4,900-க்குள் நிற்கும். இதைச் சொல்லும்போது எதிரே இருப்பவர் முகம் வாடாமல் இருந்ததே இல்லை.

மீதி 12 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம். 60 ஆக வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. 55 தாண்டி ஓய்வு பெற்றவர்கள், ஓய்வுப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போட்டால் போதும். இப்போதுள்ள 8.2 சதவீதத்தில் மூன்று மாதத்துக்கு 24,600, அதாவது மாதம் 8,200. பென்ஷனையும் சேர்த்தால் 12,700 வரும். இது 13,800-க்கு ஆயிரம் ரூபாய் குறைவு, வருடச் செலவுக்குப் பாட்டப் பணமும் ஓரளவுதான் தாங்கும். மார்த்தாண்டம் கடைகளில் நாலைந்துக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் பார்க்க உங்களைப் போல ஆள் தேடுவார்கள். 62 வரை அதைச் செய்ய வேண்டியிருக்கும், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். பணம் வந்த செய்தி பரவியதும் "நூற்றுக்கு மூணு தாரேன்" என்று வீடு தேடி வருபவருக்குச் சாயா கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

மகன் அனுப்பும் பணத்தை வீட்டுச் செலவில் சேர்க்க வேண்டாம். அவனிடம் ஒரே ஒரு பொறுப்பு கேளுங்கள்: உங்கள் இருவருக்கும் மருத்துவக் காப்பீட்டு பிரீமியம். நிறுவனத்தின் பாலிசி இருந்தாலும் ஓய்வோடு அது போய்விடும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று வருடம். சுகரோ பிரஷரோ இருந்தால் மறைக்காமல் எழுதி இப்போதே எடுத்தால், 58-ல் அதற்கும் முழுப் பாதுகாப்பு கிடைத்துவிடும். அப்போது போய்க் கேட்டால் 61 வரை காத்திருக்க வேண்டும், பிரீமியமும் கூடியிருக்கும்.

இந்த வாரமே எஃப்.டி. ரசீதை எடுத்துக்கொண்டு பாங்குக்குப் போங்கள். அன்று மாலையே வெட்டுகிறவரை அழைத்துக்கொண்டு விளையைச் சுற்றி, எத்தனை மரத்தில் இன்னும் பட்டை மிச்சம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நான் சொன்ன இருபது மாதத்தை முன்னே நகர்த்துவதா பின்னே தள்ளுவதா என்பது அந்த எண்ணிக்கையைப் பொறுத்தது.