ஏஜென்சிச் சம்பளமும் நிரந்தரச் சம்பளமும்

தம்பி, கிளிநொச்சியிலிருந்து வந்து நாலு மாதமாக கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பாண் பக்டரியில், தற்காலிக ஆட்களை அனுப்புகிற ஏஜென்சி மூலம் நிற்கிறீர். பக்கத்தில் நிற்கும் நிரந்தர ஆளுக்கு மணிக்கு 5 டொலர் கூட. ஒரே மெஷின், ஒரே ஷிப்ட். சட்டம் இதை விடுகிறதா என்று கேட்டிருந்தீர்.

விடுகிறது தம்பி. எனக்கும் அது வயிற்றெரிச்சல்தான். 2018 ஏப்ரல் 1 முதல் எங்கட ஒன்ராறியோ மாகாணத்தில் ஏஜென்சி ஆட்களுக்கும் அதே வேலைக்கு அதே சம்பளம் என்று சட்டம் இருந்தது. ஆட்சி மாறி டக் ஃபோர்ட் முதல்வராக வந்ததும் அந்த வருடத்தோடேயே அதை எடுத்துவிட்டார்கள். 2025 ஒக்ரோபரிலிருந்து மணிக்கு 17.60 டொலர் என்ற குறைந்தபட்சச் சம்பளத்தைத் தந்தாலே போதும். பிரான்சில் அப்படியில்லை. அங்கே இன்ரறிம் என்கிற ஏஜென்சி வேலைக்கு முதல் நாளிலிருந்தே சமசம்பளம், வேலை முடியும்போது பொதுவாக இன்னுமொரு 10 வீதம். பாரிசிலிருக்கும் சொந்தக்காரர் சொல்வதை வைத்து இங்கே கணக்குப் போடவேண்டாம்.

நானும் முரசுமோட்டைப் பக்கம்தான். தொண்டர் ஆசிரியர், பிரதேச சபையில் அமையத் தொழிலாளர் என்று எங்கட சனம் எத்தனை வருடம் நியமனக் கடிதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது! விடாமல் நின்றால் ஒருநாள் நிரந்தரமாக்குவார்கள் என்ற அந்த நம்பிக்கையை இங்கே வைத்திருக்காதேயும். பத்து வருடம் நின்றாலும் ஏஜென்சி ஆள் ஏஜென்சி ஆள்தான்.

இதை வடிவாக விளங்கிக்கொள்ளும். பக்டரி உம்மை நேரடியாக எடுத்தால், அதற்கான கட்டணத்தை நீர் அங்கே வேலை தொடங்கிய முதல் 6 மாதத்துக்குள் மட்டும்தான் ஏஜென்சி பக்டரியிடம் கேட்கலாம். பிறகு ஒரு சதமும் கேட்க ஏலாது. உம்மிடம் எந்த நாளும் கேட்கக்கூடாது. ‘நேரடியாகச் சேரமாட்டேன்’ என்று கையெழுத்து வாங்கியிருந்தாலும் அது செல்லாது. ஆறாம் மாதம் கிட்ட வர ஆளை வேறு இடத்துக்கு மாற்றிவிடுகிற ஏஜென்சிகளைக் கண்டிருக்கிறேன். அதனால் சூப்பர்வைசரிடம் இப்பவே வாய்விட்டுக் கேளும். ஃபோர்க்லிஃப்ட் பயிற்சி முடித்துவிட்டுக் கேட்டால் இன்னும் நல்லது, நான் நின்ற இடத்தில் அந்த ஆட்களைத்தான் முதலில் எடுத்தார்கள். மனிசியும் பிள்ளையும் வரப்போகினம் என்கிறீர். நிரந்தரமானால் பெரும்பாலும் பல்லுக்கும் மருந்துக்கும் காப்புறுதி கிடைக்கும், அது அந்த 5 டொலரைவிடப் பெரிசு.

அதுவரை பே ஸ்ரப் என்கிற சம்பளச் சீட்டை ஒவ்வொருமுறையும் பாரும். 4 வீத விடுமுறைக் காசு, பொது விடுமுறைச் சம்பளம், கிழமைக்கு 44 மணித்தியாலத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு எல்லாம் உமக்கும் உண்டு. ஓவர்டைம் காசை ஏஜென்சி தராவிட்டால் பக்டரியும் பொறுப்பு. கையில் காசாகத் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லும். ஊர்க்காரர் நடத்துகிற ஏஜென்சி என்று கூச்சப்படாதேயும், தொழில் அமைச்சில் 2 வருடத்துக்குள் முறையிடலாம். 2024 யூலையிலிருந்து ஏஜென்சிக்கு லைசன்ஸ் கட்டாயம். உம்முடைய ஏஜென்சியிடம் அது இருக்கிறதா என்று அமைச்சின் இணையத்தளத்தில் இன்றைக்கே பாரும்.